ஒளியியல் மன்றத் தலைவி

ஜூலை 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லையாம். "மன்றம்" என்றதை "மரணம்" என்று எடுத்துக்கொண்டு, யார் போய்விட்டார்கள் என்று பதறினீர்களாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இனி முன்போல் கடிதமே எழுதிவிடுகிறேன்.

யாரும் சாகவில்லை. எங்கள் துறையில் மாணவர் ஒளியியல் மன்றம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஒளி எப்படியெல்லாம் நடந்துகொள்கிறது என்று நாங்கள் அறைக்குள் உட்கார்ந்து படிப்பதை வெளியே உள்ளவர்களுக்கும் காட்டுவதற்காக. என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்தான் மன்றத்துக்கும் ஆலோசகர். நான் தலைவி. அவரிடம் எனக்குப் பின்னால் ஆய்வுக்குச் சேர்ந்த பையன் செயலாளர். உயரத்தைப் பார்த்து எல்லோரும் நெட்டை என்றே கூப்பிடுகிறோம்.

போன வாரம் தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்த, லேசர் ஒளி பாய்ந்து மேடையின் மறுகோடியில் இருக்கும் கறுப்பு பலூன் வெடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. லேசர் ஸ்டோர் ரூமில் இருந்தது. ஸ்டோர் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் "நாளைக்கு". எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். விழாவன்று அவர் விடுப்பு, சாவி அவர் சட்டைப்பையில். கடைசியில் விருந்தினர் பலூன் வரைக்கும் நடந்துபோய்க் குண்டூசியால் குத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வராத குறைதான்.

அம்மாவின் மூட்டு வலி எப்படி? உங்கள் காதை மில் மருத்துவரிடம் காட்டினீர்களா?

இப்படிக்கு,
உங்கள் மகள் (மன்றத் தலைவி. சிரிக்காதீர்கள்.)


ஜூலை 22

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குண்டூசி வந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறாள், உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா என்று காபியை நங்கென்று வைத்தாள்.

காதைக் காட்டினேன். இடது காது ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. கவலைப்படாதே. காகித மில்லில் மெஷின் ஓடும் கூடத்துக்குள் யாருக்கும் காது தேவையில்லை. அந்தச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் பேசிக்கொள்கிறோம். போர்மேன் அந்தக் கோடியில் நின்று என்னைத் திட்டினாலும் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு வந்து சேரும்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த வருஷம் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன் என்று போன வருஷம் சொன்னாய். அதற்கு முந்தின வருஷமும் அதையே சொன்னதாக ஞாபகம். மன்றம் நடத்தினால் பட்டம் கொடுத்துவிடுவார்களா? கோபித்துக்கொள்ளாதே. தெரியாமல்தான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


செப்டம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் மன்றத்தின் சார்பில் ஒரு பள்ளிக்குப் போனோம். பல்கலைக்கழக வேன் வருவதாக இருந்தது, வரவில்லை. லென்சுகளும் கண்ணாடிப் பட்டகங்களும் இருந்த பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் நெட்டையும் இன்னும் சிலரும் டவுன் பஸ்சில் போனோம். கண்டக்டர் ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கச் சொன்னார்.

ஆனால் அப்பா, அந்த வகுப்பறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஒரு ஓட்டை போட்டுத் தண்ணீர் வளைந்து கொட்டும்படி செய்தேன். பின்பக்கமிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒளி நேரே போகாமல் தண்ணீருக்குள்ளேயே வளைந்து இறங்கும். கையை நீட்டினால் உள்ளங்கையில் சிவப்பாக வந்து விழும். முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் தண்ணியோட சேந்து வழுக்கி விழுந்துடுச்சா?" என்றாள். எங்கள் பாடநூல்கள் அதைச் சொல்ல அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளும்.

அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தலைமையாசிரியர் ஓடிவந்து, மேலதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார், தரை முழுக்கத் தண்ணீராக இருக்கிறது, எல்லாவற்றையும் எடுங்கள் என்றார். துணியை வாங்கித் தரையைத் துடைத்தோம். அந்தப் பெண்ணிடம் பேச முடியாமலே வந்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை.

ஆய்வேட்டைக் கேட்டிருந்தீர்கள். எழுதிய அத்தியாயங்களைப் பேராசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். படித்துக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


நவம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் செப்டம்பர் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன், மன்னியுங்கள். "படித்துக்கொண்டிருக்கிறார் என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாரா?" என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு வேலை அதிகம்.

இரண்டு மாதமும் ஹாலோகிராம் எடுப்பதிலேயே போயிற்று. அது ஒரு வகைப் படம். கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் பொருளே இருப்பதுபோல் தெரியும். தலையை இடப்பக்கம் சாய்த்தால் பொருளின் இடப்பக்கத்தைப் பார்க்கலாம். ஆனால் படம் பதியும்போது எதுவும் அசையக்கூடாது. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு அசைந்தாலும் தகடு வெறுமையாகத்தான் வரும். எங்களுக்கு நல்ல மேசை கிடையாது. ஸ்கூட்டர் டியூப்களில் கொஞ்சமாகக் காற்றடித்து, அவற்றின்மேல் மணல் நிரப்பிய பெட்டியை வைத்து, அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்தினோம்.

முதல் தடவை பக்கத்து அரங்கில் நடனப் பயிற்சி. தகடு வெறுமை. அடுத்த தடவை ஜெனரேட்டர். வெறுமை. அதற்கடுத்த தடவை எல்லாம் அமைதியாக இருந்தபோது ஸ்டோர் பொறுப்பாளர் "நாளைக்கு" வந்து கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவர் தானாக வந்து எங்களைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் மதியம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தோம். ஸ்டோர் ரூம் பூட்டு ஒன்றைத்தான் பொருளாக வைத்தோம், எங்களுக்கு மிகவும் பழகிய பொருள் என்பதால். வந்துவிட்டது அப்பா. சாவித் துவாரம்கூட ஆழமாகத் தெரிந்தது. நெட்டை என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான்.

அந்தத் தகட்டை மன்ற அறையில் மாட்ட நினைத்திருந்தோம். பேராசிரியர் தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டார். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அம்மாவை வெந்நீரில் காலை வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

சுகமா? டிசம்பரில் ஒன்று எழுதினேன், பதில் இல்லை. இது அடுத்தது. நீ ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசுகிறாய் என்று தெரியும். நல்லா இருக்கேன், வேலை இருக்கு, வைக்கிறேன் என்று மூன்றே வார்த்தைதான் என்கிறாள். அவளும் அதையே என் காதருகில் கத்திச் சொல்கிறாள். எனக்கு அது போதவில்லை.

ஆய்வேட்டைக் கேட்டுக் கேட்டு உன்னை எரிச்சல்படுத்திவிட்டேனா? எனக்கு ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வேலையை எடுத்தால் அது இன்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். காகிதம் ரோலில் சுற்றி வெளியே வருகிறதா, வழியில் அறுந்துவிட்டதா? அறுந்திருந்தால் அதையாவது சொல்.

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. கோபமாக இருந்தால் கோபமாகவாவது எழுது.

அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபம் எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறேன். வேலைதான்.

இந்த மாதக் கடைசியில் மன்றத்தின் சார்பில் இரண்டு நாள் ஒளிக் கண்காட்சி. துணைவேந்தர் வருகிறார். என் ஆய்வுக் கருவியைத்தான் நடுவில் வைக்கப்போகிறோம். கண்ணாடிக்குள்ளும் பிளாஸ்டிக்குக்குள்ளும் வெளியே தெரியாத இறுக்கம் இருக்கும். என் கருவியின் வழியாகப் பார்த்தால் அது வண்ண வண்ண வரிகளாகத் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம், எங்கே உடையும் என்று அளந்து சொல்லிவிடலாம். துணைவேந்தருக்கு நானே விளக்கிச் சொல்லப்போகிறேன்.

நீங்கள் வர வேண்டாம். அவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கும். கூட்டத்தில் உங்களைக் கவனிக்கவும் முடியாது. முடிந்ததும் எழுதுகிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 4

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கண்காட்சி மிகச் சிறப்பாக நடந்தது. துணைவேந்தர் என் கருவியின் முன் வெகுநேரம் நின்றார். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துக் காட்டினேன். கையால் வளைக்க வளைக்க வண்ணங்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு நிறையக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டிப் பேசினார். பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்தார்கள். நீங்கள் இல்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அம்மா, இதைப் படித்ததும் உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

உங்கள் மகள்


மார்ச் 15

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மிக்க சந்தோஷம். அம்மாவுக்கும் சந்தோஷம். வேளைக்குச் சாப்பிடு. தூங்கு.

அப்பா


ஏப்ரல் 12

அன்பு மகளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை ஒரு மாதமாக மனதுக்குள்ளேயே எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

கண்காட்சியின் முதல் நாள் நான் அங்கே வந்திருந்தேன்.

ஷிப்டை மாற்றிக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். மகள் துணைவேந்தருக்கே பாடம் நடத்துவதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

உங்கள் கூடத்தின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே பள்ளிப் பிள்ளைகளின் வரிசையோடு நின்றேன். கருவியின் பக்கத்தில் உயரமான ஒரு பையன் நின்று துணைவேந்தருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். உன்னைத் தேடினேன். நீ சுவரோரம் தரையில் உட்கார்ந்து, மின் இணைப்புப் பெட்டியில் தளர்ந்திருந்த பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய். துணைவேந்தர் உன்னைக் கடந்து போனபோதும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் விளக்கு அணைந்துவிடும் போலிருக்கிறது.

அவர்கள் போன பிறகு உன் பேராசிரியர் உன்னிடம் வந்து பேசினார். அவர் முகம் கண்ணாடிப் பக்கம் இருந்தது. சத்தம் எனக்கு வரவில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை. "பேப்பர்ல அவன் பேரு முதல்ல வந்ததையே இன்னும் புடிச்சுத் தொங்கிட்டு இருக்காத. உன் தீசிஸ நான் இன்னும் தொறந்தே பாக்கல. இப்ப என்ன அவசரம்? நீ போயிட்டா மன்றத்த யாரு பாத்துக்குவா?" என்றார்.

நீ என்னவோ பதில் சொன்னாய். நீ முதுகைக் காட்டி நின்றதால் அது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன். அதற்குள் நீ திரும்பினாய். உன் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்தை அப்பா பார்த்துவிட்டார் என்பதும் சேர்ந்தால் உன்னால் தாங்க முடியாது என்று தோன்றிற்று. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, அப்படியே வெளியே நடந்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். ரொம்ப நன்றாகப் பேசினாள் என்று சொல்லிவைத்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அம்மா அதைப் பக்கத்து வீட்டிலும் போய் வாசித்துக் காட்டினாள். நீயும் நானும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம்.

பிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா நாலு வருஷமாகப் படிக்கிறாய்? எனக்குக் கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எழுது.

அப்பா


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம்தான். அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அன்று முழுக்க யாராவது ஒருவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட மாட்டார்களா என்றுதான் இருந்தது.

அன்று நான் சொன்ன பதில், "சரி சார்." அவ்வளவுதான்.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் கருவியைச் செய்தவள் நான். அளவுகள் எடுத்தவள் நான். டிசம்பரில் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் நெட்டையுடையது, அடுத்தது பேராசிரியருடையது, கடைசியில் நான். அச்சில் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். நெட்டையிடம் கேட்டேன். "சார் போட்டாரு அக்கா, நான் என்ன பண்ண?" என்று காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் அத்தியாயங்கள் பேராசிரியரின் மேசை இழுப்பறையில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. பள்ளிக்குப் போ, விருந்தினரை அழைத்து வா, பெட்டிகளை அடுக்கு என்று ஒரு வருடம் மன்றத்திலேயே கழிந்தது. தலைவி என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

உங்களிடம் சொன்னால், போதும் வீட்டுக்கு வா என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். வந்துவிடுவேனோ என்றும் பயமாக இருந்தது.

வேறு வழிகாட்டியைக் கேட்டுத் துறைத் தலைவரிடம் விண்ணப்பம் கொடுக்கப்போகிறேன். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

உங்கள் மகள்


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மே மாதத்தில் நீங்கள் அனுப்பிய "விடாதே" என்ற ஒரு வரிக் கடிதத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். துறைத் தலைவர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, இதெல்லாம் குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்றார். எந்தக் குடும்பம் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு துறையின் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினார். குழு, ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திருப்பி அனுப்பியது. குறைந்த கையெழுத்து பேராசிரியருடையது. அவரிடம் போனால் ஊரில் இல்லை, ஊருக்கு வந்தால் கூட்டத்தில் இருக்கிறார். தினமும் அவர் கதவருகில் போய் நின்றேன். உள்ளே சுவரில் எங்கள் ஹாலோகிராம் மாட்டியிருந்தது. ஒருநாள் அவருக்கே அலுத்துவிட்டது. "எங்க போனாலும் இதே கதைதான், பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் இந்தத் தடவை சரி சார் என்று சொல்லவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியிருக்கும் ஒரு பேராசிரியை என்னை எடுத்துக்கொண்டார். கருவியை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. புதிதாக ஒன்று செய்து, அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். இன்னும் ஒரு வருடம், குறைந்தது. இதை எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தை அம்மையாரிடம் கொடுத்தேன். அதே வாரத்தில் திரும்பி வந்தது. பக்கமெல்லாம் சிவப்பு மை. "இது உளறல்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அறைக்கு வந்து அழுதேன். ஆனால் படித்திருக்கிறார் அப்பா.

மன்றம் கையை விட்டுப் போயிற்று. நெட்டைதான் இப்போது தலைவன். இந்த வருடப் பள்ளிப் பயணத்துக்கும் வேன் வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நேற்று அவன் விடுதிக்கு வந்தான். பார்வையாளர் அறையின் வாசலிலேயே நின்றான். தன் அத்தியாயங்களைப் பேராசிரியர் வாங்கி வைத்திருக்கிறாராம், படித்துக்கொண்டிருக்கிறாராம். புதிதாக ஒரு மாணவி சேர்ந்திருக்கிறாளாம். அடுத்த கட்டுரையில் அவள் பெயரைத்தான் முதலில் போடப்போவதாகப் பேச்சாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வேற கைடு கேட்டு நீங்க குடுத்தீங்களே அக்கா, அந்த லெட்டர எப்படி எழுதணும்னு சொல்லிக் குடுங்க" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்தத்தான் எழுந்தேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, நிறுத்துகிறேன். உங்கள் காதுக்கு வாங்கப்போவதாக அம்மா சொன்ன மெஷின் வந்துவிட்டதா? அம்மாவின் மூட்டு எப்படி?

உங்கள் மகள்


ஜூலை 3

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். காது மெஷின் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அம்மா என்னைப் பற்றி முணுமுணுத்ததெல்லாம் இப்போது தெளிவாகக் கேட்கிறது. கழற்றி வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னும் ஒரு வருஷம் என்ற இடத்தில் எரிச்சல் தாங்காமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். யாரோ செய்ததற்கு நீ ஒரு வருஷம் கொடுக்கிறாய். அதை எப்படி நினைத்துப் பார்த்தாலும் என் மனம் ஆறவில்லை, ஆறவும் போவதில்லை. சிவப்பு மை போட்ட அம்மையாரிடம் மட்டும் என் வணக்கத்தைச் சொல்.

நெட்டை வந்த கதையை அம்மா இரண்டு முறை வாசித்தாள். "வாசல்ல நிக்க விட்டதே தப்பு" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருப்பேன்.

கதவைச் சாத்த எழுந்தேன் என்கிறாய். உடனே சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்கிறாய். நடுவில் என்ன நடந்தது என்று எழுதவில்லை. சாத்தியிருப்பாள் என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். நான் அவளோடு வாக்குவாதம் செய்யவில்லை. நீ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருப்பாய். குழுவுக்குப் போவதற்கு முன்னாலேயே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடு என்றும் சொல்லி அனுப்பியிருப்பாய்.

இருக்கட்டும். அவன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. உன் பங்கையும் நானே வைத்துக்கொள்கிறேன். நீ வேலையைப் பார்.

அப்பா